புத்தளம் கரையோரமும் பொதுச்செய்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வடமேற்குக் கரையிலே நீர்கொழும்புக்கு வடக்கே தொடங்கி, சிலாபம், உடப்பு, கற்பிட்டி ஆகிய இடங்களைத் தழுவி, கலா ஓயா கடலேரியிற் கலக்கும் இடத்துக்கு அப்பாலும் நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கரையோரமாகும். உப்பு, மீன், தெங்கு என்னும் மூன்றும் இதன் வாழ்வாதாரங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்போர் நெருங்கி வாழ்வதும், ஒருவர் மொழியை மற்றவர் அறிந்திருப்பதும் இதன் சிறப்பியல்புகள். இக்கரையோரத்தின் வாணிகம் பற்றியும் குடிவழக்குகள் பற்றியும் ஆய்ந்தோர் உளர். ஆயின் இங்கே செய்தி யார் கையில் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்னும் வினா போதிய அளவு நோக்கப்படவில்லை எனலாம்.

இவ்வினா இன்று முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் உண்டு. சமூக ஊடகங்கள் மறைவை ஒழித்து வெளிப்படைத் தன்மையை வளர்க்கின்றன என்றும், அதனால் அரசாங்கத் திணைக்களம் முதல் ஊர்ச்சங்கம் வரை எல்லா அமைப்புகளும் தம்மை மாற்றியமைக்க வேண்டியனவாகின்றன என்றும் பரவலாகச் சொல்லப்படுகின்றது. இக்கூற்று எத்துணை உண்மை என்பதைப் பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க, ஒரு சிறு நிலப்பரப்பின் வரலாற்றில் வைத்து நோக்குதல் பயன் தரும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே புத்தளத்தின் செய்தி பெரும்பாலும் கச்சேரியின் செய்தியாகவே இருந்தது. உப்பு அரசின் தனியுரிமைப் பொருள். எவ்வளவு உப்பு விளைந்தது, என்ன விலைக்குச் சென்றது என்பன ஏட்டில் இருந்தன. ஏடு அதிகாரியிடம் இருந்தது. விளைவித்தவனுக்குத் தன் கூலி தெரியும். அதற்கு அப்பால் தெரிய வேண்டிய தேவை இல்லை என்பதே அக்கால நிருவாகத்தின் எண்ணம். இந்நிலையிலே கச்சேரிக்குள் இருந்தே ஒருவர் அவ்வேட்டை அச்சுக்குக் கொண்டுவந்தமை வியப்புக்குரியது. அவர்தாம் சைமன் காசிச்செட்டி. 1807 இற் கற்பிட்டியிற் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராகவும் முதலியாராகவும் பணியாற்றி, 1838 இற் சட்டநிரூபண சபை உறுப்பினராகி, பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கி 1860 இல் மறைந்தவர் அவர். 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாற்று நூலின் ஆசிரியராகவே தமிழ் மாணவர் அவரை அறிவர். ஆயின் 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கைக் கசற்றியர் இவ்விடத்தில் அதனிலும் முக்கியமானது. நாட்டின் மாகாணங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் பற்றிய விவரங்களை அகரவரிசையிலே தொகுத்துத் தந்த அந்நூல், அதிகாரிகள் தமக்குள் வைத்திருந்த அறிவைப் பணங்கொடுத்து வாங்கக்கூடிய எவர்க்கும் திறந்துவிட்டது.

எவர்க்கும் என்பது சற்றே மிகைதான். நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படிக்க வல்ல புத்தளத்தார் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? இக்குறையைக் காசிச்செட்டியும் உணர்ந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் உதயதாரகையைத் தொடங்கிய அதே 1841 ஆம் ஆண்டிலே அவர் 'உதயாதித்தன்' என்னும் தமிழ்த் திங்களிதழை வெளியிட்டார். தாரகை நிலைத்தது, ஆதித்தன் விரைவில் அத்தமித்தது. தாரகைக்கு மிசனின் அச்சகமும் பள்ளிக்கூடங்களும் பின்னால் நின்றன. தனியொருவர் நடத்திய ஆதித்தனுக்கு அத்தகைய பின்புலம் இல்லை. செய்தியைத் திறந்துவிட விழைந்த ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தாங்கி நிற்கும் ஓர் அமைப்பும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

1926 இற் புகையிரதம் புத்தளத்தை எட்டியது. 1930 களில் வீரகேசரி, தினகரன் போன்ற நாளிதழ்கள் தோன்றின. தேநீர்க் கடையில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கம் இங்கும் வேரூன்றியது. இக்காலப்பகுதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாட்டின் பிற பகுதிகளில் நிகழ்ந்தனவே இங்கும் நிகழ்ந்தன.

விரித்துரைக்க வேண்டியது 1976 ஆகும். அவ்வாண்டு பெப்ரவரியிற் புத்தளம் பெரிய பள்ளிவாசலுள் பொலிசார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் உயிரிழந்தனர். அன்றைய செய்தித்துறையின் நிலையை மனங்கொள்ளாது அந்நிகழ்வின் பின்விளைவை விளங்கிக்கொள்ள முடியாது. 1973 இல் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் வந்திருந்தது. அதே ஆண்டிற் பத்திரிகைச் சபைச் சட்டமும் நிறைவேறியது. தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனம் 1974 இல் முத்திரையிடப்பட்டு, 1977 வரை மூடிக் கிடந்தது. வானொலி அரசினுடையது. இத்தகைய சூழலிலே, கொலையுண்டோர் சார்பில் தேசிய அரசுப் பேரவையிற் குரலெழுப்பியவர் காங்கேசன்துறையின் பிரதிநிதியான சா. ஜே. வே. செல்வநாயகம். ஆளுங்கட்சி சார்ந்த முஸ்லிம் உறுப்பினர் பேசாதிருக்க, வடபுலத்துக் கிறித்தவத் தமிழர் ஒருவர் அதைப் பேசினார் என்பது பின்னர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. புத்தளத்து மக்களுக்கு நடந்தது தெரியும், கண்டவர் பலர். ஆயின் தெரிந்ததை நாடறியச் சொல்லுவதற்கு ஒரு பேரவை உறுப்பினரின் நாவையே அவர்கள் நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாற்றம் ஊடகத்தினால் வரவில்லை, சட்டத்தினால் வந்தது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அறிக்கை எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்பதைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வேண்டும். பொதுமக்கள் முப்பது நாட்களுள் கருத்துரைக்கலாம். ஏட்டை அதிகாரி வைத்திருந்த மரபில் இது பெரியதோர் உடைப்பு. நடைமுறையிலோ, நூற்றுக்கணக்கான பக்கங்கொண்ட அறிக்கையை அலுவலக நேரத்திற் சென்று படித்துக் கருத்தெழுத மீனவனால் இயலுமா என்பது வேறு வினா. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராகத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எழுந்த இயக்கம், அண்மையிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தைப் பற்றிய கவலையுடனும் பிணைந்திருந்தது. சிலாப மறைமாவட்ட ஆயர் பிராங் மார்க்கஸ் பெர்னாண்டோ அதில் முன்னின்றார். செய்தியைப் பரப்பவும் மக்களைத் திரட்டவும் வேண்டிய கட்டமைப்பை அங்கே திருச்சபை வழங்கியது. மின்நிலையம் 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது.

2015 இன் பத்தொன்பதாம் திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். கேட்டவர் ஏன் கேட்கின்றார் என்று வினவுதல் ஆகாது. பதினான்கு வேலை நாட்களுள் முடிவு கூறப்படல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்குமேல் ஆணைக்குழு உண்டு.

இச்சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்கள் கழிந்தபின், 2017 ஏப்ரில் 14 இலே, கொழும்பையடுத்த மீதொட்டமுல்லயிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் குப்பைக்கு வேறிடம் தேடும் அவசரம் பிறந்தது. வண்ணாத்திவில்லுப் பிரிவிலே, சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அறுவைக்காட்டுக் குழிகளே அவ்விடம். ஒருபுறம் வில்பத்துக் காடு, மறுபுறம் கடலேரி. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்திற் குப்பையைக் கொண்டுவருதல் திட்டம். இதனை எதிர்த்து 2018 செப்டெம்பர் இறுதியிற் புத்தளத்தில் எழுந்த போராட்டம் 'கிளீன் புத்தளம்' என்னும் பெயரில் நூறு நாட்களைக் கடந்து தொடர்ந்தது. 2019 மார்ச்சிற் கொழும்புக் காலிமுகத்திடலையும் எட்டியது.

சமூக ஊடகம் அமைப்பின் வடிவையே மாற்றுகின்றது என்னும் கூற்றுக்கு இக்கரையோரம் தரும் வலிமையான சான்று இதுவே. முன்னைய காலத்தில் முறைப்பாடு ஒன்று பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ பங்குத் தந்தையிடமோ செல்லும், அங்கிருந்து பாராளுமன்ற உறுப்பினரிடம், அவரிடமிருந்து கச்சேரிக்கு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதைத் தடுக்கவோ மாற்றவோ கூடும். இங்கே அப்படிகள் கலைந்தன. முகநூற் பக்கத்திலே படமும் காணொளியும் ஏறின. வளைகுடாவிலே தொழில் புரியும் புத்தளத்து இளைஞரும் அவற்றைக் கண்டனர். மூவினத்தவரும் பல மதக் குருமாரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். எக்கட்சியும் தனதென்று உரிமை கொள்ள முடியாதவாறு அது அமைந்தது. காசிச்செட்டியின் இதழுக்குக் கிட்டாத வாசகர் கூட்டம் எதிர்ப்பின் ஒரு காணொளிக்குச் சில மணி நேரத்திற் கிட்டியது.

ஆயினும் 2019 ஓகஸ்டில் முதற் குப்பை வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவ்விடத்தில் வெடிப்பும் நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அறிந்த, ஆயிரக்கணக்கானோர் பேசிய ஒரு விடயத்திலே தீர்மானித்த அமைப்பு அசையவில்லை. இவ்விடத்திற் கேரளத்து உதாரணமொன்று ஒப்புநோக்கத்தக்கது. 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கைத்தொலைபேசி வந்தபின் சாளை மீன் சந்தையில் நிகழ்ந்த மாற்றத்தை ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் ஆய்ந்து 2007 இல் வெளியிட்டார். கடலில் இருந்தவாறே கரைகளின் விலையை அறிந்த மீனவர் நல்ல விலையுள்ள துறைக்குப் படகைத் திருப்பினர். விற்காது கொட்டப்பட்ட மீன் இல்லாதொழிந்தது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை ஏறத்தாழ 4 வீதம் குறைந்தது. செய்தி அங்கே சந்தையைத் திருத்தியதற்குக் காரணம், அதைப் பெற்றவன் கையிற் சுக்கான் இருந்தமையே. அறுவைக்காட்டைப் பற்றி அறிந்தவர் கையில் அவ்வாறு திருப்புவதற்கு எதுவும் இருக்கவில்லை.

திறந்த செய்தியின் மற்றொரு முகம் அதே ஆண்டிலே, அதே மாவட்டத்திலே தோன்றியது. ஏப்ரில் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் நாடு அச்சத்தில் உறைந்திருந்த வேளை, மே 12 இற் சிலாபத்து முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். நம் வீடுகளிற் குழந்தைகளுக்கும் கூறப்படும் வார்த்தை அது. வேற்றுமொழியில் எழுதப்பட்டு, வேறொரு மொழியில் விளங்கிக்கொள்ளப்பட்டு, அது வரப்போகும் தாக்குதலின் எச்சரிக்கையாகத் திரிந்தது. பள்ளிவாசலும் கடைகளும் கல்லெறிக்கு உள்ளாயின. சிலாபத்தில் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை எனப் பரவியது. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லயிலே தச்சுத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டருகே வெட்டுண்டு இறந்தார். மும்மொழியும் பழகிய கரை என்று முன்னர் கூறப்பட்டதை இங்கே நினைவுகூர்தல் தகும். தேநீர்க் கடையில் அவ்வரி வாசிக்கப்பட்டிருப்பின், அருகிலிருந்த ஒருவர் அதன் பொருளைத் திருத்தியிருத்தல் கூடும்.

அரசாங்கத்தின் விடை ஊடகங்களை முடக்குவதாகவே இருந்தது. 2018 மார்ச்சிற் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரிலிலும், மீண்டும் மே 13 இலும் முகநூலும் வாட்ஸ்அப்பும் தடைசெய்யப்பட்டன. 2022 ஏப்ரில் 3 இலே, வன்முறையை அல்லாது அரசுக்கெதிரான ஆர்ப்பாட்டத்தை அடக்க அதே கருவி எடுக்கப்பட்டது; சில மணி நேரங்களில் அது கைவிடப்பட்டது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவுகளை நீக்கப் பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1974 இல் அச்சகத்துக்கு வைக்கப்பட்ட முத்திரையுடன் இவற்றை ஒப்பிடுவது முற்றும் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். ஆயினும் எது பொய், அதை யார் பரப்பினர் என்ற விளக்கத்தை மக்களுக்கு அளிக்காமலே வாயிலைச் சாத்துவதில் இரண்டும் ஒத்தனவே.

மறுபக்கத்தில், வெளிப்படையின் கருவியை நடத்தும் நிறுவனமோ தான் வெளிப்படையானதாக இருக்கவில்லை. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்புரையைக் கண்காணிக்கப் போதிய ஏற்பாடில்லை என்று இலங்கைச் சிவில் அமைப்புகள் 2018 ஏப்ரிலிலேயே முகநூல் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம், தான் வேறொரு நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த ஆய்வொன்றின் சுருக்கத்தை வெளியிட்டு, 2018 வன்முறையில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக வருத்தம் தெரிவித்தது. சிலாபம் நிகழ்ந்தது அதற்கு அடுத்த ஆண்டிலாகும்.

இன்று வண்ணாத்திவில்லுவில் வாழும் ஒருவர் பிரதேச செயலகத்துத் தகவல் அலுவலரிடம் சென்று, அறுவைக்காட்டைப் பற்றி அங்குள்ள ஆவணங்களைத் தமிழிலேயே கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுள் முடிவு சொல்ல அவ்வலுவலர் கடமைப்பட்டவர். அக்கேள்வியை அவர் முகநூலில் எழுதியிருப்பின் அக்கடமை எவர்க்கும் எழாது. 2019 மே 12 இற் சிலாபத்து அவ்வொரு வரி எத்தனை பேரால், எத்தனை முறை, எந்த விளக்கத்துடன் பகிரப்பட்டது என்பதை அறிய விரும்பும் கொட்டாரமுல்லக் குடும்பமொன்று மனுக் கொடுப்பதற்கோ எந்த அலுவலகமும் இல்லை. அவ்வேடு கலிபோர்னியாவில் இருக்கின்றது.