கொலம்போ கொடுத்த இரண்டு மாதம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கசங்கிய மழைக்கோட்டு, கையில் சுருட்டு, வாசல் வரை போய்விட்டு “இன்னும் ஒரே ஒரு கேள்வி” என்று திரும்பி வரும் போலீஸ்காரர். நடித்தவர் பீட்டர் ஃபால்க். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம். ஃபால்க் இந்த வேடத்தில் முதலில் வந்தது 1968ல். தொடராக ஆரம்பித்தது 1971ல். யார் கொலை செய்தார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை.

அதில் ஒரு அத்தியாயத்தைப் பற்றி ரசிகர்கள் ஐம்பது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் ‘ஃபர்காட்டன் லேடி’, அதாவது மறக்கப்பட்ட பெண்மணி. 1975 செப்டம்பர் 14 அன்று ஒளிபரப்பானது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

கிரேஸ் வீலர் ஒரு காலத்துப் பெரிய நடன நட்சத்திரம். நடித்தவர் ஜேனட் லீ. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் குளியலறையில் கொல்லப்படுவாரே, அவரேதான். கிரேஸ் மறுபடி மேடையேற ஆசைப்படுகிறார். கணவர் ஹென்றி வயதான டாக்டர். பணம் தர மாட்டேன் என்கிறார். கிரேஸ் அவருக்குத் தூக்க மருந்து கொடுத்து, சுட்டுக் கொன்று, தற்கொலை போல ஜோடித்துவிடுகிறார். அந்த நேரத்தில் தன் பழைய படம் ஒன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கணக்கு. ஆனால் நடுவில் ஃபிலிம் அறுந்துவிட்டது. படத்தின் நீளமும் அன்றிரவு அது ஓடி முடிந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. கொலம்போ பிடித்த நூல் அதுதான்.

நூலைப் பிடித்துக்கொண்டே போனால் இன்னொன்று தெரியவருகிறது. கிரேஸுக்கு மூளையில் குணப்படுத்த முடியாத நோய். நினைவு அழிந்துகொண்டே வருகிறது. மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்தான் உயிரோடு இருப்பார். மேடையேறினால் உயிருக்கே ஆபத்து என்று ஹென்றிக்குத் தெரியும். அதனால்தான் பணம் தர மறுத்தார். ஆனால் நோயைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் கொலம்போ ஆதாரங்களை அடுக்கும்போது, தான் செய்த கொலையே கிரேஸுக்கு நினைவில்லை. அவரோடு ஆடிய, அவர்மேல் இன்னும் அன்பு மாறாத நெட் டயமண்ட், கொலம்போவிடமிருந்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டபின், “நான்தான் கொன்றேன்” என்று பழியை ஏற்கிறார். அந்த வாக்குமூலம் நிற்காது என்று கொலம்போவுக்குத் தெரியும். அதை உடைக்க இரண்டு மாதம் பிடிக்கலாம் என்கிறார் நெட். பிடிக்கலாம்தான் என்று கொலம்போ ஒத்துக்கொள்கிறார். முடிந்தது கதை.

ஒரு கட்சி சொல்கிறது: சரியான முடிவு. எதற்காகத் தண்டிக்கிறார்கள் என்றே தெரியாத ஒருத்தியை, சாகப்போகிற நேரத்தில் சிறைக்கு இழுத்துப்போய் யாருக்கு என்ன லாபம்?

எதிர்க்கட்சி சொல்கிறது: கொல்லும்போது அவருக்கு எல்லாம் தெரிந்துதானே இருந்தது? திட்டம் போட்டுத்தானே செய்தார்? நிரபராதி ஒருவர் பொய் சொல்லி உள்ளே போவதைப் போலீஸ்காரரே அனுமதிக்கலாமா?

சட்டத்தைக் கேட்டால் அது எதிர்க்கட்சிப் பக்கம்தான் சாய்கிறது. 1959ல் லண்டனில் குந்தர் போடோலா என்பவர் ஒரு துப்பறியும் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார். நடந்தது எதுவும் நினைவில்லை என்றார். ஜூரி அதை நம்பவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், மறதி உண்மையாகவே இருந்தாலும் அது மட்டுமே விசாரணையைத் தடுக்காது என்றது. அதே ஆண்டு நவம்பரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அமெரிக்காவிலும் கேள்வி ஏறக்குறைய இதுதான்: இப்போது நடக்கும் விசாரணை குற்றவாளிக்குப் புரிகிறதா, தன் வக்கீலோடு கலந்து பேச முடிகிறதா? பழையது மறந்துபோனது மட்டும் போதாது. கிரேஸின் நிலைமை போடோலாவை விட மோசம் என்பது உண்மை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், போலீஸ்காரர் கிடையாது.

ஷெர்லாக் ஹோம்ஸும் குற்றவாளிகளை விட்டிருக்கிறாரே என்று கேட்பீர்கள். விட்டிருக்கிறார். 1904ல் வந்த ‘அபி கிரேஞ்ச்’ கதையில் வாட்சனையே ஜூரியாக வைத்து, கொலை செய்த ஒரு கப்பல் கேப்டனை விடுவிக்கிறார். ஆனால் ஹோம்ஸ் தனி மனிதர். கொலம்போ அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். சட்டைப்பையில் போலீஸ் வில்லை வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

அப்படியிருந்தும் நான் முதல் கட்சிதான். என் காரணம் வேறு.

இந்தக் கதையில் இரக்கம் காட்டுகிறவர்கள் இரண்டு பேர். கொலம்போ இரண்டாமவர். முதலாமவர் ஹென்றி. மனைவி மனம் உடையக்கூடாது என்று உண்மையை மறைத்தார். அந்தக் காலத்து டாக்டர்களின் வழக்கமும் அதுதான். 1961ல் அமெரிக்காவில் டாக்டர்களிடம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாக 90 சதவீதம் பேர் சொன்னார்கள். 1979ல் மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதையே விரும்பினார்கள். பதினெட்டு வருடத்தில் எல்லாம் தலைகீழ்! நம் அத்தியாயம் வந்தது 1975ல், இரண்டுக்கும் நடுவில். ஹென்றி பழைய தலைமுறை டாக்டர். அன்பினால்தான் மறைத்தார். ஆனால் அந்த மௌனம் கிரேஸின் கண்ணுக்குக் கஞ்சத்தனமாகவும் பிடிவாதமாகவும் தெரிந்தது. அவர் உயிரைக் குடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. கொலைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கலாம்.

கொலம்போவின் இரக்கம் வேறு வகை. பாவம், வயதான நடிகை என்று அவர் விசாரணையைப் பாதியில் விடவில்லை. தற்கொலை என்று கோப்பை மூடவும் இல்லை. கடைசி முடிச்சு வரை அவிழ்த்தார். யார், ஏன், எப்படி என்பதைச் சம்பந்தப்பட்டவர் முன்னால் வைத்தார். அதன்பிறகுதான் கொஞ்சம் நேரம் கொடுத்தார். ஹென்றியின் இரக்கம் உண்மை இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கொலம்போவின் இரக்கம் உண்மை வந்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் நின்றது. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, பின்னால் கண்ணோட்டத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்ததை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆள்பவனுக்கு இரண்டும் வேண்டும்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகப் புரிகிறது. பையன் பாவம் என்று தப்பான விடைக்குச் சரி போட்டால் அவனுக்குத்தான் கேடு. தப்பைத் தப்பு என்று குறித்துவிட்டு, மறுபடி எழுத நேரம் கொடுப்பது வேறு.

ஒரு இடம் மட்டும் எனக்கும் உறுத்துகிறது. கிரேஸ் இறந்தபிறகு கொலம்போ அந்தப் பொய் வாக்குமூலத்தை உடைத்து, ஹென்றியின் பெயருக்கு நேரே உண்மையை எழுதியிருக்க வேண்டும். தொடர் அதைக் காட்டவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் என் வாதம் விழுந்துவிடும். ஏனென்றால் செத்தவர் ஹென்றி. அவர் கணக்கும் தீர வேண்டுமே! எழுதியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். வாசல் வரை போய்த் திரும்பி வருகிற மனிதர் அவர்.

நீங்கள் எந்தக் கட்சி? கீழே எழுதுங்கள். வெறும் “சரி”, “தப்பு” என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. காரணம் எழுதுகிறவர்களுக்குத்தான் முழு மதிப்பெண், எதிர்க்கட்சியாக இருந்தாலும்.

அன்புடன்,
உங்கள் சார்