குரலை நம்பலாமா?

வானொலியில் பேசுகிறவரின் முகம் உங்களுக்குத் தெரிவதில்லை. குரல் ஒன்றே அடையாளம். தொலைபேசியிலும் அப்படித்தான். "அம்மா, நான்தான்" என்ற இரண்டு சொற்களைக் கேட்டதுமே பெற்றவள் பிள்ளையை அறிந்துகொள்கிறாள். அந்த நம்பிக்கை ஆட்டங்கண்ட வரலாற்றை இன்று நாம் காண்போம்.

1950ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது, பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களுள் அவரும் ஒருவர். மனிதனைப் போல இயந்திரம் பதில் சொல்லக் கூடுமா என்று சோதிக்க அவர் ஒரு விளையாட்டை வகுத்தார். அதில் பதில்கள் தட்டச்சில் வருவதே நல்லது என்றார். குரலின் தொனி கேட்பவருக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். ஆக, அன்று குரல் ஒரு முத்திரை. எளிதில் போலி செய்ய இயலாதது.

2014ஆம் ஆண்டில் இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய மாண்ட்ரியல் பல்கலைக்கழகத் தோழர்களும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். அதில் இரண்டு கணினி அமைப்புகள் மோதுகின்றன. ஒன்று போலியைப் படைக்கும். மற்றொன்று அதைக் கண்டுபிடிக்கும். பிடிபடும்போதெல்லாம் முதலாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் காவலருக்கும் நடக்கும் போட்டியை அவர்களே உவமையாகக் காட்டினர். பின்னர் வேறு முறைகளும் வந்தன. 2023 ஜனவரியில், மூன்று விநாடி ஒலிப்பதிவைக் கொண்டே ஒருவரின் குரலைப் போலப் பேசும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எழுத்து, படம், குரல் ஆகியவற்றைப் புதிதாகப் படைக்கும் இத்தகைய நுட்பத்தையே ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம்.

இதனால் விளைந்த ஆபத்துக்கு ஒரு சான்று பார்ப்போம். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, இரகசியமாகப் பணம் அனுப்பும்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் ஐயுற்றார். பிறகு காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தார், குரலைக் கேட்டார், ஐயம் நீங்கியது. 15 தடவையாக ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். தலைமையகத்தில் விசாரித்த பின்னரே, கூட்டத்தில் கண்டவர்கள் யாவரும் போலி உருவங்கள் என்று தெரிந்தது. அந்த விசாரிப்பு முன்னரே நடந்திருந்தால் பணம் தப்பியிருக்கும் அன்றோ?

அரசுகளும் விழித்துக்கொண்டன. 2023 நவம்பரில் அதே பிளெட்ச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்த ஆபத்துகளைக் குறித்து ஒரு பிரகடனம் செய்தன. தேர்தல் காலத்தில் வேட்பாளர்களைப் பற்றிய போலிக் காணொளிகளைத் தடுக்க, 2024 அக்டோபரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மலேசியாவில், மோசடிக்கு ஆளானவர்கள் உடனே அழைப்பதற்கென 997 என்ற எண் 2022 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்டது.

ஆயினும் சட்டம் வருமுன் தொலைபேசி மணி அடித்துவிடும். எனவே வீட்டுக்கும் ஒரு விதி வேண்டும். பணம் கேட்டு அழைப்பு வந்தால், குரல் எவருடையதாக இருப்பினும் துண்டித்துவிட்டு, நாம் முன்பே அறிந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்வதும் நன்று. பிள்ளையின் குரலையே சோதிப்பதா என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். அது பாசக் குறைவு அன்று. பிள்ளையின் பெயரைத் திருடனிடமிருந்து காப்பது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். அவர்கள் கணினியைக் கண்டதில்லை. எனினும் காவல் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருந்தனர்.