பர்மா வழியும் தேயிலைத் தோட்டத்தாரும்

யுத்தம் என்றவுடன் துப்பாக்கியும் குண்டுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. யுத்தத்துக்கு அஞ்சி ஓடிய ஜனங்களை வழியிலே மாய்த்தது பெரும்பாலும் குண்டு அன்று. அவர்கள் குடித்த தண்ணீரே. நோட்டன் பிரிட்ஜ்த் தோட்டங்களில் வாழும் நமக்கு இது புதுச் செய்தியாகாது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்த நம் முன்னோர், வாந்திபேதிக்குப் பலரைப் பறிகொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் பிழைப்பைத் தேடி நடந்தார்கள். 1942 ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து நடந்தவர்களோ, பிழைப்பை விட்டுவிட்டு உயிரைத் தேடி நடந்தார்கள்.

1931 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி பர்மாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். செட்டிநாட்டு வணிகரும் தமிழ்த் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். 1941 டிசம்பர் 23 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு பொழிந்தன. 1942 மார்ச் 8 இல் நகரம் வீழ்ந்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் பர்மாவை விட்டுப் புறப்பட்டனர். கப்பலில் இடம் பெற்றவர் சென்னையும் கல்கத்தாவும் சேர்ந்தனர். மற்றவர்களுக்குக் கால்களே கப்பல். புரோம் நகரிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தவுங்கப் சென்ற வழியில், தண்ணீர் அருமையாயிருந்ததால் வாந்திபேதி கொள்ளை கொண்டது. வடக்கே காபோ பள்ளத்தாக்கில் மலேரியாக் காய்ச்சல். வழிகளிலும் நிறபேதம் இருந்தது. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுத்தவருக்கு ஒரு வழி என்று ஜனங்கள் மனங்கசந்து பேசினர். அவ்வாண்டு அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

தாமு, பலேல், இம்பால், திமாப்பூர் என்று நீண்ட மலைப் பாதையில்தான் நமது கதைக்குரியவர்கள் வருகிறார்கள். இராணுவப் பாதை அமைக்க ஆள் வேண்டுமென்று அரசாங்கம் கேட்க, இந்தியத் தேயிலைச் சங்கம் அசாம் தோட்டங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி அனுப்பியது. சோட்டா நாகபுரி, ஒரிசா முதலிய இடங்களிலிருந்து ஒரு காலத்தில் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் சந்ததியார் இவர்கள். நம்மைப் போலவே லயத்தில் பிறந்தவர்கள். மண் வெட்டப் போன இடத்தில், எதிரே அகதிகள் வந்துகொண்டிருந்தனர். இடைக்கிடையே தங்குமிடங்கள் எழுந்தன. அங்கே சோறும் சுடுதேநீரும் கிடைத்தன. தோட்டத்து வைத்தியர்களும் அங்கே வேலை செய்தனர். நடக்கமாட்டாதவர்களைத் தொழிலாளரும் நாகர் முதலிய மலைவாசிகளும் சுமந்தனர்.

மே 10 ஆந் திகதி இம்பால்மீது குண்டு விழுந்தது. நகரில் நிர்வாகம் குலைந்தது. அதே மாதத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் வந்தவர்கள் ஹூக்கவாங் பள்ளத்தாக்கின் சேற்றில் புதைந்து புதைந்து பாங்சாவ் கணவாயைக் கடந்து லேடோவுக்கு வரவேண்டியிருந்தது. அட்டைக்கடி என்றால் நாம் சுண்ணாம்பைத் தடவிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். அங்கே அரைவயிற்றோடு நடந்தவனின் காலில் அந்தக் கடிவாய் அழுகி, எலும்பு தெரியும் புண்ணாயிற்று. 'நாகப் புண்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மாண்டவர் தொகையைப் பற்றிச் சரித்திராசிரியர் ஒத்துப்போவதில்லை. பல்லாயிரம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

சௌக்கான் கணவாயில் சிக்கியவர்களை யானைகளைக் கொண்டு ஆறு கடத்திய கைல்ஸ் மேக்ரல் துரைக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. தகும், மறுப்பார் யார்? ஆனால் வெள்ளத்தில் யானையை இறக்கிய பாகரின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? பேதியால் துவண்டவனைத் தோளில் தூக்கிய தோட்டத்தானின் பெயரை யார் அறிவார்?

அக்காலத்தில் கடும் வாந்திபேதிக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றுவதே சிகிச்சை. அதற்குப் போத்தல் வேண்டும், ஊசி வேண்டும், பழகிய கை வேண்டும். காட்டில் இவற்றுக்கு எங்கே போவது? 1971 இல் வங்காளதேச யுத்தத்தின்போது சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தபோதும் இதே இக்கட்டுத்தான். எல்லையிலுள்ள பங்காவ் ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து குடிக்கக் கொடுத்தார். குழாய் வைத்த பீப்பாய்களிலிருந்து நோயாளிகளின் உறவினரே பிடித்து ஊட்டினர். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. வைத்திய உலகம் இதை உடனே நம்பிவிடவில்லை என்பது வேறு கதை. நாம் 'ஜீவனி' என்று டிஸ்பென்சரியில் வாங்கும் பொட்டலம் அந்தப் பீப்பாயின் வாரிசே.

2009 இல் யுத்தம் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முகாம்களில், பெரும்பாலும் செட்டிகுளத்தில், அடைபட்டனர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலைநாட்டை விட்டு அங்கு போய்க் குடியேறிய நம்மவர் குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. அங்கும் வயிற்றோட்டம் கண்டது. ஆனால் அதற்குள் அந்தப் பொட்டலம் நம் நாட்டில் வீட்டுச் சரக்காகிவிட்டிருந்தது.