கடல் தாயின் சம்பளம்

ஜப்பானியர் சோற்றைச் சுற்றி உண்ணும் நோரி ஒரு சிவப்புக் கடற்பாசி. இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்புப் பாசி வகைதான். நோரி இன்று பெருந்தொழில். அதன் நாற்றங்காலுக்கு அடிப்படையான அறிவு, சம்பளமில்லாமல் உழைத்த ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது.

கேத்லீன் ட்ரூ 1901இல் இங்கிலாந்தில் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தார். 1928இல் மான்செஸ்டரிலேயே கல்வியாளராக இருந்த ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். மணமான பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடையாது. கல்யாணம் இருவருக்கும்தான் நடந்தது. வேலை போனது ஒருவருக்கு மட்டும். பின்னர் ஊதியமில்லாத ஆய்வாளராக அதே துறையில் இடம் தந்தார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தபடி பாசிகளை ஆராய்ந்தார்.

நோரி குளிர்காலத்தில் வளரும். கோடையில் காணாமல் போகும். எங்கே போகிறது, எதிலிருந்து திரும்ப முளைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிய மீனவர்கள் கடலில் மூங்கிலும் வலையும் கட்டிக் காத்திருப்பார்கள். ஒரு வருடம் விளையும், மறு வருடம் ஏமாற்றும்.

நோரியின் உறவுப் பாசி ஒன்று பிரிட்டன் கரையிலும் உண்டு. அதன் வித்துகள் சிப்பி ஓட்டைத் துளைத்து, உள்ளே இளஞ்சிவப்பு இழைகளாக வளர்வதை கேத்லீன் கண்டார். அந்த இழைகளை அதுவரை வேறொரு பாசி என்று நினைத்துத் தனிப் பெயரிட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்று 1949இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வசந்தத்தில், கரையிலுள்ள தொட்டிகளில் சிப்பி ஓடுகளின்மேல் வித்துகளை விதைத்தார்கள். கோடை முழுவதும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் அளவாக வைத்து இழைகளை வளர்த்தார்கள். இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்து பகல் குறையும்போது இழைகள் புதிய வித்துகளை விடும். அவற்றை வலையில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். காத்திருந்து பெற்ற விளைச்சல், விதைத்து எடுக்கும் பயிரானது.

கேத்லீன் ஜப்பானுக்குப் போனதே இல்லை; 1957இல் இறந்தார். 1963இல் குமாமோட்டோ பகுதியின் உட்டோ நகரில், கடலைப் பார்த்தபடி அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே விழா எடுக்கிறார்கள். ‘கடலின் தாய்’ என்பது அவருக்கு வழங்கும் பெயர்.

பாசி வளர்ப்பவர்களின் நன்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘தாய்’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. தாயின் உழைப்புக்குக் கூலி கேட்பது நம் ஊரிலும் வழக்கமில்லை. அவர் விஞ்ஞானி, அந்த வேலைக்கு மற்றவர்கள் சம்பளம் வாங்கினார்கள்.

இந்தியாவிலும் இந்த விதி இருந்தது. வெளியுறவுப் பணியிலிருந்த பெண் மணம் செய்ய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கவேண்டும். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைக் கடுமையாகக் கண்டித்தது.

எழுதப்பட்ட விதியை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். எழுதப்படாததை என்ன செய்வது? ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், மணமான பெண்களை உற்பத்தி வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், தாலி, மெட்டி என்று அதில் காரணங்கள் வந்தன. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்த பெண்களில் சுமார் 25 சதவீதம் பேர் மணமானவர்கள் என்றது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்சாலைப் பாதையில் வேலை தேடும் பெண்களை நினைத்துத்தான் கேத்லீனின் கதையைப் படிக்கிறேன். வேலை போன பிறகும் அவருக்கு ஓர் ஆய்வகம் இருந்தது. வீட்டில் இன்னொரு சம்பளம் வந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த இரண்டில் எது இருக்கிறது?