கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவச் செலவும் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவச் செலவை எவ்வாறு குறைப்பது, மருத்துவப் பாதுகாப்பை யாருக்கெல்லாம் விரிவாக்குவது என்னும் வினாக்கள் அமெரிக்காவில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்தமையால், அங்குள்ள நிறுவனங்கள் மருத்துவக் காப்புறுதியைச் சலுகையாக வழங்கித் தொழிலாளரை ஈர்த்தன. அதனால் வேலையை இழந்தவர் காப்புறுதியையும் இழக்கும் நிலை உருவாயிற்று. 2010-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் இக்குறையைக் களைய முனைந்தது. மலாயாத் தோட்டப்புறங்களில் இத்தகைய சிக்கல் அதற்கும் முன்னரே தோன்றியதைக் கேமரன் மலையை முன்வைத்து ஆராய்கிறோம்.

தோட்ட மருத்துவமனை

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கினார். பகாங் அப்போது கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று. ஆகவே, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு இங்கும் செல்லுபடியாயிற்று. தொழிலாளர் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக அச்சட்டம் வகுத்தது. பொதுவாகத் தோட்டங்களில் அன்றாட மருத்துவத்தை ‘டிரசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளர் கவனித்தார். மருத்துவர் அவ்வப்போது வந்து சென்றார்.

செலவுக் குறைப்பின் இரு வழிகள்

மலாயாத் தோட்டங்களில் மருத்துவச் செலவு இருவகையாகக் குறைக்கப்பட்டதைக் காண்கிறோம். முதலாவது, நோய்த்தடுப்பு. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் மேற்கொண்ட வடிகால் பணிகள் மலேரியாவைப் பெரிதும் தணித்தன. காடழிக்கப்பட்ட குன்றுகளின் வெயில்படும் ஓடைகளில் பெருகும் கொசுவினத்தை ஒடுக்க, நிலத்தடி வடிகால்களும் எண்ணெய்த் தெளிப்பும் பயன்பட்டன.

இரண்டாவது, சுமையை வேறிடத்துக்கு மாற்றுதல். 1930–1932-இல் பொருளாதார மந்தம் நிலவியபோது, வேலையற்ற தமிழர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுக்கு நோயோ முதுமையோ நேர்ந்தபோது, அச்செலவு தோட்டக் கணக்கில் இடம்பெறவில்லை. அதை அவர்தம் கிராமத்துக் குடும்பங்களே ஏற்றன. முதல் வழி நோயைக் குறைத்தது; இரண்டாவது வழி செலவை ஏற்பவரை மட்டுமே மாற்றியது.

விடுதலைக்குப் பின்

1957-க்குப் பின் அரசு மருத்துவச் சேவை நாட்டுப்புறங்களில் விரிவடைந்தது. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் 1 ரிங்கிட்டே. தோட்டத்தை விட்டு நீங்கிய முதியவரும், குடியுரிமை பெற்றிருந்தால், தானா ராத்தா மருத்துவமனையில் இவ்வுரிமையுடன் நுழையலாம். 1971-இல் செயற்படத் தொடங்கிய சொக்சோ, வேலையிட விபத்துக்கும் உடல்முடக்கத்துக்கும் பாதுகாப்பளித்தது.

ஆயினும், அண்மைப் பதின்ம ஆண்டுகளில் கொழுந்தெடுக்கும் பணிக்கு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டினர் வந்துள்ளனர். 2014-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பின் அரசு மருத்துவமனைகளில் அயல்நாட்டார் செலுத்தும் தொகை குடிமக்களினும் பன்மடங்காயிற்று. சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கு 2019-இல்தான் கிட்டியது. அதுவும் வேலை தொடர்பான விபத்துக்கும் நோய்க்கும் உரியதாகவே தொடங்கியது.

முடிவுரை

தமிழ்த் தொழிலாளருக்கு மருத்துவப் பாதுகாப்பு நிலைபெற்றது, அது தோட்டப் பெயர்ப்பட்டியலிலிருந்து விடுபட்டுக் குடியுரிமையோடு இணைந்தபோதுதான் என்பது இவ்வாய்வால் புலனாகிறது. அன்று நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று வேறு மொழியினர் நிற்கின்றனர். தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் இவ்வொப்புமையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும்.