மடக்கெழுத்தாணியும் மைசூர் உருக்கும்

சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்தாது. அச்சுப்பொறி பரவுமுன் நம் முன்னோர் கையோடு கொண்டுசென்ற மடக்கெழுத்தாணி, எழுதுகோலும் கத்தியும் ஒருங்கமைந்த கருவியே ஆகும். பிடியின் ஒரு தலையில் ஓலையிற் கீறும் ஊசி. மறு தலையில் ஓலையை வாரவும் நறுக்கவும் உதவும் சிறு கத்தி. இரண்டும் மடங்கி அடங்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் ‘என் சரித்திர’த்தில் மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என்னும் வகைகளை எடுத்துரைத்துள்ளார்.

மேனாட்டிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பறவையின் இறகைச் சீவி எழுதுகோலாக்க ஏற்பட்ட சிறு கத்தியே பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. ஈரிடத்தும் எழுத்தே இக்கத்தியை வளர்த்தது.

ஓலைச்சுவடி என்றும் நிலைக்கும் பொருளன்று. செல்லும் பூச்சியும் அரிக்க, சில நூற்றாண்டுகளிற் சிதைவது. பெயர்த்தெழுதினாலன்றி நூல் வாழாது. துருவேறிய ஊசி ஓலையைக் கிழிக்கும். மழுங்கிய கத்தி அதன் விளிம்பைப் பிசிராக்கும். ஆதலின் கருவியைப் பேணுதல், நூலைப் பேணுதலின் ஒரு கூறாகவே இருந்தது.

நிற்க. கூர் தாங்கும் கருவிக்கு நல்ல உருக்கு வேண்டும். அதற்கு நம் நாடு பிறரை நோக்கி நிற்கவில்லை. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பண்டைத் தமிழர் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்களை வெளிப்படுத்தின. 1800ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், பெங்களூரை அடுத்த மாகடி, மதுகிரிப் பகுதிகளில் நடந்த இரும்புத் தொழிலையும் உருக்குத் தொழிலையும் விரிவாக எழுதிவைத்தார். களிமண் மூசையில் இரும்புத் துண்டும் ஆவாரங் குச்சியும் இட்டு, மேலே பச்சிலை வைத்து, வாயை மண்ணால் அடைத்து உலையில் ஏற்றுவர். ஆவாரை கரிந்து, அக்கரி இரும்பிற் கலக்கும். சேலம் பகுதியிலும் ஆவாரையே பயன்பட்டது; மூடும் இலை அங்கு எருக்கிலை. நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கரி கலந்த இவ்வுருக்கை மேனாட்டார் ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடத்து ‘உக்கு’ என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. நம் ‘உருக்கு’ம் அதன் உறவுச் சொல்லே.

1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பார் இவ்வுருக்கின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதனை ஆராய்ந்து 1795இல் ஜார்ஜ் பியர்சன் கட்டுரை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின்போது ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளி அதிலிருந்து அடித்துச் செய்தது யாது தெரியுமோ? வாளன்று, ஈட்டியன்று, ஒரு பேனாக்கத்தி! இருளில் மட்டுமே செம்மை தெரியும் அளவுக்குக் காய்ச்சி அதனை அடித்தார். அது சிறந்த கத்திகளுக்கு ஒப்ப அறுத்தது. பின்னர் மைக்கேல் பாரடேயும் அவரும் இணைந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தனர்.

ஆயினும், சீமையிலிருந்து மலிவாக வந்திறங்கிய உருக்காலும் கரி விறகின் அருமையாலும், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நம் மூசை உலைகள் அணைந்தன. கைத்தொழில் மறைந்தபோது, கருவியைப் பேணும் அறிவும் உடன் மறைந்தது.

இதற்கு யானே சான்று. எம் பாட்டனாரின் மடக்கெழுத்தாணியில் இருந்த கத்தியைத் தெருவிற் சாணை பிடிப்பார் ஒருவரிடம் கொடுத்தேன். உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறந்தது; முனையில் நீலம் பாய்ந்தது. அன்று முதல் அது காகிதத்தையும் நேரே அறுப்பதில்லை. மிகு சூட்டால் பதம் இளகிவிட்டது. ஸ்டோடார்ட் ஏன் அத்துணைக் குறைந்த சூட்டில் அடித்தார் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். கரி மிகுந்த உருக்கு சூட்டைப் பொறாது. பிழை சாணைக்காரருடையதன்று, ஆராயாது கொடுத்த என்னுடையதே.

எனவே, பழங்கத்தி இல்லத்தில் உள்ளோர் சிலவற்றை நினைவிற் கொள்க. 1913இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி ஆக்கிய துருவேறா எஃகில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் உண்டு. பழைய உருக்கில் அக்காப்பு இல்லை. எலுமிச்சையோ மாங்காயோ அறுத்தால் உடனே கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்த பின்னரே மடக்குக. கீலில் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி போதும். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசினாகிக் கீலை இறுக்கும். நீர் நனைத்த கல்லில், ஒரே சாய்வில் மெல்லத் தீட்டுக. தோலுறைக்குள் நெடுநாள் வைத்தல் துருவுக்கு இடமாகும்.

நாம் வந்து வாழும் இப்பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் எஸ். ரங்கநாதனும் ஆய்வாளர் சாரதா சீனிவாசனும் இவ்வுருக்கின் பெருமையை 2004இல் தனி நூலாகவே எழுதினர். அறிஞர் தம் கடனைச் செய்தனர். நம் கடன் சிறிது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் அடியில் ஓர் எழுத்தாணி கிடக்கக்கூடும். அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் போடுமுன், துடைத்து, எண்ணெயிட்டு, பிள்ளைகளின் கையில் ஒருமுறை கொடுங்கள். நம் நூல்கள் நமக்கு வந்து சேர்ந்த வழியை அவர்கள் தொட்டறிவர்.