இளம் பேராசிரியர் ஆய்வு நல்கை: வேலூர் வட்டாரம்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த அறிவியல், பொறியியல் ஆசிரியர் தனக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொள்ளச் சில ஆண்டுகளுக்குத் தரப்படும் பணம். பேச்சில் ‘ஃபெலோஷிப்’. முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கணித மேதை ராமானுஜனுக்கு அளித்த மாதம் 75 ரூபாய். அவர் அப்போது துறைமுகத்தில் குமாஸ்தா. சம்பளம் 30 ரூபாய், கையில் பட்டமும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை தந்தால் போதும் என்றார்கள். இன்று படிவம் நிரப்பியே களைத்துப்போகும் உதவிப் பேராசிரியருக்கு இது கட்டுக்கதைபோல் தோன்றும். பிற்பாடு, வெளிநாட்டிலிருந்து திரும்பும் இளம் விஞ்ஞானிகளுக்கான நல்கைக்கு இந்திய அரசு அவர் பெயரையே வைத்தது.

அமெரிக்காவில் ஸ்லோன் நல்கை 1955இலும், பேக்கர்ட் நல்கை 1988இலும் தொடங்கின. இந்தியாவில் விடுதலைப் பொன்விழாவையொட்டி ஸ்வர்ணஜெயந்தி நல்கை வந்தது. 2008இல் இன்ஸ்பயர் திட்டம்.

வேலூரில் இந்த வரலாறு கிறித்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) சுற்றியது. வடஆற்காட்டுக் கிராமங்களில் 1960களின் தொடக்கத்தில் பரவிய ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோயை மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் இங்கிருந்துதான் ஆராய்ந்தார்கள்; பின்பலம் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை. குடல் நோய் ஆய்வு அதோடு நின்றுவிடவில்லை. ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அங்கே ரோட்டா வைரஸை ஆராய்ந்த ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வெல்கமும் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் சரிபாதி பணம் போட்டு 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் நல்கையை சி.எம்.சி. மருத்துவர்கள் பலர் பெற்றிருக்கிறார்கள். புறநோயாளிக் கூட்டத்தில் சிக்கிய மருத்துவருக்கு ஆய்வு நேரத்தை வாங்கித் தருவதே அதன் பெரிய பயன்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கதை வேறு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. தோலில் ஏறாமல் ஓடும் குரோம் உப்பை என்ன செய்வது என்பது உள்ளூர் வேதியியல், பொறியியல் ஆசிரியர்களுக்கு வாசலிலேயே கிடக்கும் கேள்வி. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நல்கைப் பணத்தில் கருவி வாங்கிவிடலாம். வகுப்பைக் குறைத்துத் தர வேண்டியது கல்லூரி நிர்வாகம்.